கோல் வலைக்குப் பின்னால் ஓர் இடம்

மூன்றாவது கோல் விழுந்ததும் கோல்கீப்பர் திரும்பிப் பார்த்துவிட்டான். வலைக்குப் பின்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த பீரான் நாற்பது நிமிடமாகக் காத்திருந்தது அதற்குத்தான்.

"என்னடா மோனே தேடுற? மாமியா சோறு கொண்டாந்திருக்காளான்னா? இன்னிக்கும் உனக்கு மீன் வாலுதான். தலை மூத்த மாப்பிள்ளைக்குப் போயிருச்சு."

பாக்கு மரமும் மூங்கிலும் வைத்துக் கட்டிய கேலரி ஆடும்படி ஜனங்கள் சிரித்தார்கள். கோல்கீப்பர் மனைவி வீட்டோடு இருப்பவன். மூத்த மருமகன் கல்ஃபிலிருந்து வந்து இறங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் இவனுக்கு மரியாதை குறைந்துபோயிருந்தது. மீன் தலை விஷயமும் உண்மை. மீன்காரன் சொல்லித்தான் பீரானுக்குத் தெரியும். நான்காவது கோல் அவன் கால்களுக்கு நடுவே போயிற்று.

அவன் அதற்கப்புறம் செவன்ஸ் என்கிற இந்த ஏழு பேர் ஆட்டத்துக்கு வரவில்லை. கத்தாரில் ஏதோ ஒரு கிடங்கில் வேலை பார்ப்பதாகச் சொன்னார்கள். பீரானிடம் கேட்டால், "நல்லா இருக்கட்டும். விசா எடுத்துக் கொடுத்ததே நான்தானே" என்பார்.

பீரானுக்கு ஐம்பத்து நான்கு வயது. வண்டூரில் ஒரு மர டிப்போவில் லாரியில் மரத்தடி ஏற்றுகிற வேலை. தடியைப் புரட்டும்போது கூட்டாகக் கத்துகிற கத்தலில் பழகிய தொண்டை. வீட்டில் அந்தத் தொண்டையை யாரும் கேட்டதில்லை. உப்பு வேண்டுமென்றால் தட்டை விரலால் தட்டுவார். மனைவி கதியம்மா கொண்டுவந்து வைப்பாள். மகள் முபீனா தலாக் ஆகி வீடு திரும்பிய நாளில்கூட அவர் சொன்னது ஒரே வார்த்தைதான்: "பெட்டிய உள்ள வை."

அறுவடை முடிந்து வயலில் கேலரி எழும்பினால் ஆள் வேறாகிவிடுவார். இருபத்தாறு வருடமாக, ஊர் டீமான புலரி எந்தப் பக்கம் கோல் போட வேண்டுமோ அந்தப் பக்கத்து வலைக்குப் பின்னால் அவர் இருப்பார். இடைவேளையில் டீம்கள் பக்கம் மாறினால் இவரும் தன் ரப்பர் செருப்பையும் பீடிக்கட்டையும் எடுத்துக்கொண்டு அடுத்த வலைக்கு நடப்பார். நடக்கும்போது கேலரி கைதட்டும். அவருக்கு டிக்கெட் கிடையாது. முடிந்ததும் பொரோட்டாவும் பீஃபும் உண்டு.

தொலைக்காட்சியில் வருகிற பதினொரு பேர் ஆட்டத்தை அவர் மதிக்கவில்லை. "அங்க நாம பேசினா பாதி தூரத்துல காத்து தின்னுரும். இங்க பாரு, அவன் முதுகுக்கும் என் வாய்க்கும் ஆறடி. அவனுக்கு வேர்க்கிறது எனக்குத் தெரியும்" என்பார்.

அவர் கெட்ட வார்த்தை பேசுவதில்லை. அதில் அவருக்குப் பெருமை. உண்மை மட்டும்தான் பேசுவார். முடிவெட்டுகிறவன், பஸ் கண்டக்டர், கறிக்கடைக்காரன் என்று பத்துப் பன்னிரண்டு பேர் அவருக்குச் செய்தி கொண்டுவருவார்கள். ஒருமுறை ஒரு கோல்கீப்பரின் தாய் எடக்கரையிலிருந்து மழையில் நனைந்துகொண்டு வீடு தேடி வந்தாள். 'என் பிள்ளைக்கு மனசு சரியில்லை, நாளைக்கு ஒன்றும் சொல்லிவிடாதீர்கள்' என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பீரான் அவளுக்குத் துண்டு கொடுத்தார். டீ போடச் சொன்னார். பிள்ளைக்கு என்ன மாதிரி மனசு சரியில்லை என்று பொறுமையாகக் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மறுநாள் அவன் ஐந்து கோல் வாங்கினான்.

இந்த வருடம் பசங்கள் வந்தார்கள்.

கொச்சியில் நடக்கும் பதினொரு பேர் ஆட்டத்துக்கு வேன் பிடித்துப் போய்வருகிற கூட்டம் அது. எல்லோருக்கும் ஒரே நிறச் சட்டை. எட்டு மேளம், இரண்டு எக்காளம், கம்பத்தில் ஆள் உயரக் கொடி. ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, கேலரியைப் பார்த்துப் பாட்டு பாடினார்கள். கோல் விழுந்தது தெரியாமல்கூடப் பாடினார்கள். தலைவன் ஹிஷாம். மொபைல் கடை வைத்திருக்கிறான்.

"பீரான் காக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது" என்றான் முதல் நாளே. "ஒருத்தன் வீட்டுல நடக்கிறத நடுக் கிரவுண்டுல கத்துறது அசிங்கம். உலகத்துல எங்கயும் இப்ப அப்படி இல்ல. நாங்க நம்ம டீமுக்காகப் பாடுவோம். அவன் டீம திட்ட மாட்டோம்."

"பாட்டுக் கேட்டுப் பந்து உள்ள போகுமாடா?"

"நீங்க கத்துறது இனி யாருக்குக் கேக்கும் காக்கா?"

கேட்கவில்லை. எட்டு மேளத்துக்கு முன்னால் அவர் வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. இரண்டு ஆட்டம் அப்படிப் போயிற்று. டிப்போவில் கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேச ஆரம்பித்தார்கள். "பீரானே, வாய்க்கு ஒரு மைக்கு வாடகைக்கு எடுக்கலாமா?"

அரையிறுதி வெள்ளிக்கிழமை. அன்று காலை கமிட்டிக்காரர் சேக்குட்டி டிப்போவுக்கே வந்தார்.

"பீரானே, ஃபைனல்ல வலைக்குப் பின்னால எடம் பசங்களுக்குக் கொடுத்துட்டோம். வீடியோ எடுக்கிறாங்களாம். நீ கேலரில ஏறி உக்காந்துக்க."

"இன்னிக்கி?"

"இன்னிக்கி உக்காரு. அதோட சரி."

"இன்னிக்கி நான் ஜெயிச்சுக் கொடுத்தா?"

சேக்குட்டி சிரித்தார். "நீ ஆடப் போறியா?"

மாலையில் வீட்டுக்கு வந்து குளித்துவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது முபீனா வந்து கதவருகில் நின்றாள். எலும்பு டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. மூன்று வருடமாக அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"வாப்பா, இன்னிக்கி நீங்க ஒண்ணும் பேசக் கூடாது."

பீரான் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவளைப் பார்த்தார்.

"எதிர் டீம் கோல்கீப்பர் ஜுனைஸ். மம்பாட்டுக்காரர்." அவள் புடவைத் தலைப்பைச் சுருட்டினாள். "ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுல இருந்து இங்க வர்றாங்க. என்னைக் கேக்க. உம்மாவுக்குத் தெரியும்."

கதியம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "நல்ல பையன். இவளுக்கு ஒருதடவை ஆனது தெரிஞ்சும் வர்றான். நீங்க ஒரு நாள் வாயக் கட்டினா போதும்."

பீரான் ஒன்றும் சொல்லவில்லை. எப்போதும் அப்படித்தான் என்றாலும் முபீனாவுக்குப் பயம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் இரக்கம் வரும் என்று அவள் நினைத்தாள்.

"வாப்பா, அவருக்கு எடது கை சுண்டு விரல் முறிஞ்சிருக்கு. நான்தான் படம் எடுத்தேன். டீமுக்குத் தெரியாது, தெரிஞ்சா எறக்க மாட்டாங்க. இன்னும் ரெண்டு ஆட்டம். ரெண்டு ஆட்டம் முடிஞ்சா போதும்னு டேப்பு சுத்திட்டு நிக்கிறார். அந்த மனுஷனப் போயி நீங்க..."

"பேசல" என்றார் பீரான்.

சொன்னபடியே இருந்தார். கிக்காஃபுக்கு முன்னால் ஜுனைஸ் கம்பத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டு, வலை வழியாகத் திரும்பி, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றான். ஒல்லியான ஆள். சிரித்தான். கையுறைக்குள் சுண்டு விரல் இருக்கும் இடம் மட்டும் கொஞ்சம் பருமனாக இருந்தது.

"வ அலைக்கும் ஸலாம்" என்றார் பீரான்.

பக்கத்தில் நின்ற ஒருவன் அதைக் கேட்டுவிட்டான். "டேய், காக்கா ஸலாம் சொல்றாருடா! கோல்கீப்பருக்கு ஸலாம் சொல்றாரு!"

அந்தச் செய்தி கேலரியில் மேலே வரைக்கும் ஏறியது. அன்று இடைவேளையில் பக்கம் மாறுவதில்லை என்று கமிட்டி முடிவு செய்திருந்ததால் பீரான் நடக்க வேண்டியிருக்கவில்லை. கைதட்டலும் இல்லை. ஹிஷாம் வந்து ஒரு தண்ணீர் பாட்டிலை அவர் முன் வைத்தான்.

"குடிங்க காக்கா. பேட்டரி தீந்துருச்சுபோல."

மேலேயிருந்து ஒரு குரல்: "பீரான் காக்கா ஹஜ்ஜுக்குப் போகப் போறாரு, அதான் பாவமன்னிப்பு!"

சிரிப்பு. அதே சிரிப்பு. இருபத்தாறு வருடமாக அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து எழும்பி எதிரே நின்றவன்மேல் விழுந்தது. இன்றைக்கு இவர்மேல் விழுந்தது. அவர் பாட்டிலைத் தொடவில்லை.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. பெனால்டி உதை. பீரான் உட்கார்ந்திருந்த பக்கத்து வலையிலேயே நடந்தது. ரெஃபரி மேளத்தை நிறுத்தச் சொன்னார். பசங்கள் நிறுத்தினார்கள். அந்த வருடத்தில் முதல்முறையாக அந்த மைதானம் அமைதியாயிற்று.

புலரியின் முதல் இரண்டு உதையையும் ஜுனைஸ் தடுத்துவிட்டான். இரண்டும் அவனுடைய வலது பக்கம் வந்தவை. எதிர் டீம் இரண்டில் ஒன்று போட்டிருந்தது. மூன்றாவது உதைக்கு, புலரி இந்த வருடம் சம்பளத்துக்கு எடுத்திருந்த ஐவரி கோஸ்ட் ஆட்டக்காரன் பந்தை வைத்தான். அவனுக்கு ஊர்ப் பாஷை ஒரு வார்த்தையும் தெரியாது.

பீரான் எழுந்து நின்றார். ஆட்டத்தின் நடுவே அவர் எழுந்து நின்றதை யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லோரும் பார்த்தார்கள். சேக்குட்டியும் பார்த்தார். ஜுனைஸ் கம்பங்களுக்கு நடுவே முதுகைக் காட்டி நின்றான். அவன் பிடரியில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது. பீரான் தன் இடது கையை உயர்த்தி விரல்களை விரித்து, சுண்டு விரலை மட்டும் வலது கையால் பிடித்துப் பின்னுக்கு மடக்கிக் காட்டினார். ஐவரி கோஸ்ட்காரன் கொஞ்சநேரம் பார்த்தான். பிறகு தலையசைத்தான்.

அப்புறம் பீரான் பேசினார். கத்தவில்லை. வீட்டில் பேசியிருந்தால் பேசியிருக்கக்கூடிய குரல்.

"முபீனா படம் எடுத்தாளே மோனே, அந்த விரல்தானே?"

ஜுனைஸ் திரும்பிப் பார்த்தான்.

பந்து அவன் இடது பக்கம் போயிற்று. அவன் அசையவில்லை.

கேலரிக்கு முதலில் புரியவில்லை. பீரான் அவர்களைப் பார்த்துத் திரும்பித் தன் கையை மறுபடி காட்டினார். புரிந்தது. ஏதோ ஒரு மூலையில் ஒருவன் ஆரம்பித்தான்: "சுண்டு விரல்!" ஹிஷாம்தான் முதலில் மேளத்தை எடுத்தவன். "சுண்டு விரல்! டும். சுண்டு விரல்! டும்." ரெஃபரி ஊதியது கேட்கவில்லை. எதிர் டீமின் உதை கம்பத்துக்கு மேலே போயிற்று. புலரியின் நாலாவதும் இடது பக்கம். ஜுனைஸ் வலது கையைக் குறுக்கே நீட்டிப் பாய்ந்தான். எட்டவில்லை. எதிர் டீமின் நாலாவதைப் புலரி கோல்கீப்பர் மார்பால் தடுத்தான். ஐந்தாவது போனால் முடிந்தது.

எதிர் டீம் மேனேஜர் கோட்டருகில் நின்று ஜுனைஸின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜுனைஸும் அவரைப் பார்த்தான். அப்புறம் இடது கையுறையைப் பல்லால் இழுத்து இறுக்கிக்கொண்டான்.

பந்து வந்தது. இந்தத் தடவை இடது கையை முழுதாக நீட்டிப் பாய்ந்தான். பந்து விரலில்தான் பட்டது. விரல் பின்னுக்குப் போயிற்று. பந்து கையைத் தாண்டி மெதுவாக உருண்டு, கோட்டைக் கடந்து, பீரானின் கால் பக்கத்தில் வலையில் நின்றது.

ஜுனைஸ் கையை வயிற்றுக்குள் வைத்துக் குனிந்து கிடந்தான். சத்தம் போட்டிருந்தாலும் மேளத்தில் கேட்டிருக்காது. பசங்கள் பீரானைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவர் கனமான ஆள். நாலு பேர் வேண்டியிருந்தது. வயல் முழுக்க ஒரு சுற்று வந்தார்கள்.

"காக்கா, எப்படித் தெரியும்? எப்படித் தெரியும்?" என்று ஹிஷாம் கீழேயிருந்து கேட்டுக்கொண்டே வந்தான்.

"எனக்கு ஆளு இருக்கு" என்றார் பீரான்.

மறுநாள் சனிக்கிழமை. முபீனா எட்டரை மணி பஸ்ஸில் வேலைக்குப் போனாள். ஒன்பதரைக்கு எதிர் டீம் மேனேஜரும் இன்னும் இரண்டு பேரும் கிளினிக்குக்கு வந்து, படம் எடுத்த பெண் யார் என்று கேட்டார்கள். நோயாளியின் விஷயத்தை வெளியே சொன்னவளை வைத்துக்கொள்ள முடியாது என்று டாக்டர் சொன்னார். பதினோரு மணிக்கு அவள் திரும்பி வந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்காமலே கழுவி வைத்தாள். ஜுனைஸைக் கோழிக்கோட்டுக்குக் கொண்டுபோய் விரலில் கம்பி வைத்தார்கள். மம்பாட்டிலிருந்து ஜுனைஸ் வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி கதியம்மாவுக்குப் போன் செய்து இரண்டு வரி பேசினாள்.

பீரான் டிப்போவுக்குப் போய் இரண்டு லாரி தடி ஏற்றினார். மூன்று மணிக்குச் சேக்குட்டியும் ஹிஷாமும் இன்னும் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். வலைக்குப் பின்னால் போடுவதற்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கியிருப்பதாகச் சொன்னார்கள். ஃபைனல் ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட வேண்டும் என்றார்கள்.

பீரான் அடுப்படிப் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கி வீட்டுல வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல" என்றாள் கதியம்மா.

வந்தவர்களுக்கு முபீனா நாலு டீ கொண்டுவந்து வைத்தாள். ஒன்றில் சர்க்கரை இல்லை. சேக்குட்டி கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.