சோறு மறந்த வேலை

பள்ளிக்கூட மண்டபத்தில் அம்மா தூக்கிய கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. கம்பி மத்தாப்பு மருந்தில் புழங்கிய கை. எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் இருக்கும் வெள்ளிப் பூச்சு போகாது. நான் பிளஸ் டூ படித்த வருடம், இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். மேற்படிப்புக்கு வழிகாட்டுகிறோம் என்று பெற்றோரை அழைத்திருந்தார்கள். சீசன் வேலையை விட்டுவிட்டு அம்மா வந்திருந்தாள். வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டர், கம்ப்யூட்டர் என்றே பேசி முடித்தார். அம்மா எழுந்து, "அய்யா, நீங்க சொல்ற வேலைய எம் மக ஒரு நாளு பக்கத்துல இருந்து பாக்க முடியுமா? எங்க கம்பெனில நாலு மத்தாப்பக் கொளுத்திப் பாத்துட்டுத்தான் பெட்டி கட்டுவாக" என்றாள். மண்டபமே சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

நான் டாக்டர்தான் ஆவேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா டீச்சர் ட்ரெய்னிங் என்று முடிவே கட்டியிருந்தார். "பொம்பளப்புள்ளைக்கு அதாம் தோது" என்பார். அந்த இரண்டு வேலையிலும் பொழுது எப்படிப் போகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் ஒரு மண்ணும் தெரியாது. அம்மாவுக்கோ ஒரே பயம். பிடிக்காத படிப்பில் விழுந்து, பாதியில் திரும்பி வந்து, தன் பக்கத்திலேயே நானும் மருந்து தோய்க்க உட்கார்ந்துவிடுவேனோ என்று. எங்கள் தெருவில் அப்படித் திரும்பி வந்தவர்கள் இருந்தார்கள்.

தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருக்கும் நாட்களில் அக்கடா என்று படுத்துக் கிடப்பவள், அந்த வருடம் என்னை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். முதல் நாள் ஓர் ஆரம்பப் பள்ளி. தலைமையாசிரியையின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, என்னை இரண்டாம் வகுப்பில் விட்டாள். மத்தியானத்துக்குள் இரண்டு பிள்ளைகளை அழவைத்து, நானும் அழுதேன். மறுநாள் ஒரு டாக்டரின் கிளினிக். வந்தவர்கள் சொன்ன கஷ்டத்தையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைசுற்ற, கடைசியில் என்னையே பெஞ்சில் படுக்க வைத்தார்கள். ஆசை ஆசையாய் வளர்த்த கனவு! "ரெண்டு கழிஞ்சிச்சு. ஊர்ல வேலைக்கா பஞ்சம்?" என்றாள் அம்மா.

மூன்றாவது, தாயில்பட்டிப் பக்கம் ஒரு மாட்டாஸ்பத்திரி. அங்கே இருப்பது ஒரு பெண் டாக்டர் என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறொன்றும் தெரியாது. நாங்கள் போன நேரம் ஓர் எருமை கன்று ஈன முடியாமல் கிடந்தது. "ஏ புள்ள, சும்மா நிக்காத, பிடி" என்று டாக்டரம்மா, கன்றின் காலில் கட்டிய கயிற்றை என் கையில் கொடுத்தார். வழுக்கியது, நாறியது, எருமை ஓர் உதையும் விட்டது. கன்று வெளியே வந்து விழுந்து தலையை உதறியதும் சந்தோஷத்தில் ஓவென்று கத்திவிட்டேன். அப்புறம் ஆடு, கோழி, கடிபட்ட நாய் என்று வரிசையாக வந்தன. "மணி மூணாச்சு. சோத்துத் தூக்குவாளியத் தெறக்கவே இல்லியே நீ" என்றாள் அம்மா. காலையிலிருந்து அவள் மாட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

வீட்டில் அப்பா குதித்தார். "மாட்டுக்கு ஊசி போடவா இம்புட்டுப் படிக்க வச்சேன்? எவன் கட்டுவான் இவள?"

"கட்டுறவன் பெறகு வரட்டும். அவ சோறு மறந்த வேல அது. நான் இருவது வருசமா மணி பாத்துக்கிட்டே வேல செய்யுதேன், எனக்குத் தெரியும்" என்றாள் அம்மா. அப்பா முணுமுணுத்துக்கொண்டே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். எனக்குக் கால்நடை மருத்துவத்தில் இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தை டீக்கடை டீக்கடையாகக் கொண்டுபோய்க் காட்டியவர் வேறு யாருமில்லை, அதே அப்பாதான்!

இப்போது நானே ஒரு மாட்டாஸ்பத்திரியில் டாக்டர். பிள்ளையை ஒரு நாள் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லி வரும் பெற்றோரை நான் திருப்பி அனுப்புவதில்லை. போன வாரம் ஒரு தாய் கூட்டி வந்த பெண், முதல் ஆட்டைத் தொட்டதுமே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிப்போனாள். அந்தத் தாய் குன்றிப்போய் நின்றாள். சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நல்லதாப் போச்சு, ஒண்ணு கழிஞ்சிச்சுல்ல. நாளைக்கு எங்கன கூட்டிட்டுப் போறாளாம் அவ ஆத்தா?"