வாணி விழாவுக்கு மறுநாள்

பார்த்தீபன் பல் தீட்டிக்கொண்டிருக்கும்போதே சுதாகரன் தொலைபேசியில் வந்துவிட்டார். தெல்லிப்பழைப் பக்கத்துக் கூட்டுறவுச் சங்கமொன்றின் முகாமையாளர் அவர்.

"ஒரு கதவும் திறக்குதில்லைத் தம்பி. உம்மடை பூட்டெல்லாத்தையும் கழட்டிக்கொண்டு போம். எங்களுக்குப் பழைய ஆமைப்பூட்டே போதும்."

வாயைக் கொப்பளித்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். கொடிகாமத்திலிருந்து அங்கே போய்ச் சேரும்வரை முதுகு நொந்தது. சங்கத்தின் பழைய கட்டடத்தில், கீழ்மாடிக் கதவுகளுக்கு அவன் வயரில்லாப் பூட்டுப் போட்டு முடித்து அதிக நாளாகவில்லை. சுண்ணாம்புச் சாந்தும் கல்லுமாகக் கட்டிய தடித்த சுவர். உடைத்து வயர் இழுக்கச் சங்கத்தார் விடவில்லை. அதனால்தான் பற்றரியில் ஓடும் பூட்டு. அதிலுள்ள சின்னக் கண்ணாடியில் விரலை வைத்தால் கதவு திறக்கும். திறந்தது யாரென்ற தகவல் காற்றிலேயே அலுவலகக் கணினிக்குப் போய்விடும். ஆனால் அந்தச் சுவர் சிக்னலையும் விழுங்கியது. ஏணியில் ஏறி ஏறி, சிக்னல் பெட்டியை இடம் மாற்றி மாற்றிப் பொருத்தியதில் அவனுக்கு முழங்கால் விட்டுப்போயிற்று.

கொழும்புக் கம்பனியை விட்டு வந்து, தன் பெயரில் அவன் எடுத்த முதல் பெரிய வேலை. சரியாக நடந்தால் மேல்மாடி வேலையும் அவனுக்கு. இல்லாவிட்டால் திரும்பவும் கொழும்புதான். இதைத் தமக்கைக்கு மட்டும் சொல்லியிருந்தான்.

சங்கத்து ஆட்களெல்லாம் விறாந்தையில் நின்றார்கள்.

"வந்திட்டார் விஞ்ஞானி," என்றது ஒரு குரல்.

எழுதுநர் தயாளினி தன் பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். "வைச்சு வைச்சு ரேகையே அழிஞ்சுபோச்சு, அண்ணை. இனி அடையாள அட்டையும் புதுசா எடுக்கவேணும்."

"அவசரத்துக்கு ஒரு சாவிக்கொத்துத் தந்தனானே, தங்கச்சி?"

"அது உள்ளுக்கை, சரஸ்வதிக்கு முன்னாலை. நேற்றுக் கணக்குக் கொப்பியளோடை பூசையிலை வைச்சது. இண்டைக்குத்தானே எடுக்கிறது."

பார்த்தீபன் குனிந்து பூட்டைப் பார்த்தான். கண்ணாடியின் நட்டநடுவில் தடிப்பாக ஒரு சந்தனப் பொட்டு, அதன்மேல் குங்குமம். காய்ந்து இறுகியிருந்தது. அடுத்த கதவிலும் அப்படியே. சுவாமிக்கு வைத்ததென்று எவரும் துடைக்கவில்லை. பொட்டுக்கு மேலேயே விரலை வைத்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"இது ஆர் வைச்சது?"

"நான்தான்," என்றார் சுதாகரன் பெருமையாக. "புதுச் சாமான் எண்டு ஒண்டையும் விடேல்லை. ஏன்?"

பார்த்தீபனுக்குத் தன்மேலேயே சலிப்பு வந்தது. அவனுடைய துளைபோடும் மெசினுக்கும் முதல்நாள்தான் வீட்டில் பொட்டு வைத்திருந்தார்கள். தண்ணீர் படக்கூடாது, எறும்பு போகக்கூடாது என்றெல்லாம் இவர்களுக்குப் படிப்பித்தவனுக்குச் சந்தனம் நினைவில் வரவில்லை.

"பிழை என்னிலைதான், சேர். கண்ணாடியிலை சந்தனம் படக்கூடாதெண்டு நான் சொல்லியிருக்கவேணும். துடைச்சுவிட்டால் திறக்கும்."

"துடைக்கிறதோ? அம்மாளுக்கு வைச்சதைத் துடைச்சுப்போட்டுச் சங்கம் உருப்படுமே? அதைவிட நீர் பூட்டைக் கழட்டுறது நல்லது."

வாதாட அவனுக்குத் தெம்பில்லை. அப்படியே வாசற்படியில் இருந்துவிட்டான். பூட்டையும் பக்கத்து நிலைமரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்ப துடைக்கேல்லை, சேர்," என்றான் கடைசியில். "இடம் மாத்திறன்."

பஞ்சைத் தண்ணீரில் நனைத்துப் பொட்டின்மேல் வைத்து ஊறவிட்டான். இளகியதை விரல்நுனியால் வழித்தெடுத்து, பக்கத்து நிலைமரத்தில் அதே வட்டமாக வைத்தான். கண்ணாடியில் மிஞ்சிய பிசுக்கைத் துணியால் ஒற்றியெடுத்தான்.

"நிலத்திலை ஒரு துளியும் விழப்படாது," என்ற சுதாகரன், அடுத்த கதவில் தாமே வெற்றிலையொன்றைக் கீழே ஏந்திப் பிடித்தார். கதவு கதவாக அவன் முழங்காலில் நின்றான். அவர் வெற்றிலையோடு கூடவே வந்தார்.

எல்லாம் முடிந்ததும் சுதாகரன் கையைக் கழுவித் துடைத்து விரலை வைத்தார். பச்சை வெளிச்சம் வந்தது. கதவு திறந்தது.

"கெட்டித்தனந்தான். சரி, மேல்மாடியையும் தொடங்கும்," என்றார். "ஆனா அடுத்த வாணி விழாவுக்கு நீரே வந்து பொட்டு வைக்கவேணும். எங்களுக்கு வைக்கிற இடம் தெரியாது."

"ஓம் சேர், வாறன்."

"அவலும் கடலையும் எடுத்துவைப்பம், அண்ணை," என்று தயாளினி சிரித்தாள்.

மேல்மாடியை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தபோது, காலையில் அவன் புறப்பட்ட காரணம் தெரிந்திருந்த தமக்கை தொலைபேசியில் அழைத்தாள்.

"என்னடா தம்பி, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு? கழட்டச் சொல்லிப்போட்டாங்களோ?"

"இல்லையக்கா. மேல்மாடியும் தந்திட்டாங்கள்," என்றான் பார்த்தீபன். "இனி அங்கையும் ஏணி ஏறவேணும். அதுதான் களைப்பாக் கிடக்கு."