மொபெட் நிற்கும் வாசல்

நான் பயந்தாங்கொள்ளி. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படித்தான். பல்லி, இடி, ஊசி, லிஃப்ட், போலீஸ்காரர், பக்கத்து வீட்டு இருமல் என்று எதற்கும் விதிவிலக்கு கிடையாது. கல்யாணமான புதிதிலேயே என் வீட்டுக்காரர் இதைக் கண்டுபிடித்து உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டார். அப்படிப்பட்ட என்னைத்தான், குணமாகாத வியாதிக்காரர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். என் தைரியத்தைப் பார்த்து அல்ல. நீலசந்திராவில் நான் அங்கன்வாடி டீச்சர். எந்தச் சந்தில் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

தொண்ணூறுகளின் பின்பாதி. காக்ஸ் டவுனில் ஒரு சர்ச்சுக்குப் பின்னால் இருந்த ஹாலில் சனிக்கிழமை தோறும் வகுப்பு. சொல்லிக் கொடுத்தவர் ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ். அதே காக்ஸ் டவுன்காரர், தமிழ்க் கிறிஸ்தவர், முழங்கால் வலிக்காரர். நாங்கள் அவரை சிஸ்டர் என்போம், அவர் என்னை டீச்சர் என்பார். ஹாலின் நடுவில் ஓர் இரும்புக் கட்டில். எங்களில் ஒருவரை அதில் நோயாளியாகப் படுக்கவைத்து, மற்றவர்கள் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்புவது, வாயை எப்படித் துடைப்பது, விரிப்பை ஆள் படுத்திருக்கும்போதே எப்படி மாற்றுவது. முதல் நாள் என்னைத்தான் படுக்கச் சொன்னார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டை போலக் கிடந்தேன்.

"டீச்சர், பேஷன்ட் மூச்சு விடலாம்" என்றார் சிஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியாதோ என்று ஒரு நொடி பயந்துவிட்டேன்.

இரண்டு வார்த்தைகளுக்கு வகுப்பில் தடை. "நோயாளிகிட்ட 'ஒண்ணும் ஆகாது'ன்னு சொல்லாதீங்க. 'பயப்படாதீங்க'ன்னும் சொல்லாதீங்க. சொன்னீங்கன்னா அவங்க வாய மூடிக்குவாங்க. 'உங்களுக்கு என்னன்னு தோணுது?'ன்னு கேளுங்க. கேட்டுட்டு நீங்க வாய மூடிக்கோங்க." இதைச் சிஸ்டர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. நானும் தலையாட்டினேன். அந்த இரண்டு வார்த்தைகளையும் எடுத்துவிட்டால் எனக்குப் பேசுவதற்கு வேறொன்றும் மிஞ்சாது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்த கையோடு வீடுகளுக்குப் போக ஆரம்பித்தோம். சிஸ்டர் ஒரு பழைய மொபெட்டில் வருவார். முன்னால் வெள்ளைப் பை தொங்கும், நான் பின்னால் உட்காருவேன். முதலில் போனது எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில், கர்ப்பப்பையில் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் வீடு. அந்த அம்மாள் சில வாரங்களில் இறந்துபோனார். அடுத்தது ஒரு பெயிண்டர். அவரும் போனார். அதற்கடுத்தது ஒரு கிழவர். நாங்கள் போனதால் அவர்கள் சாகவில்லை, அவர்கள் வலியில்லாமல் சாவதற்காகத்தான் நாங்கள் போனோம். ஆனால் தெரு அப்படிக் கணக்குப் போடவில்லை. மொபெட் எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டில் ஒரு சாவு என்று கணக்குப் போட்டது.

வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலில் விளையாடும் பிள்ளைகளை அம்மாக்கள் உள்ளே இழுத்துக்கொள்வார்கள். மளிகைக் கடை பாய், "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க, வண்டிய ஜரா அந்தாண்ட நிறுத்தச் சொல்லுங்க" என்றார். ஒரு வீட்டில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் புதிதாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். நான் அந்த வீடுகளுக்குப் போய், "வண்டியால ஒண்ணும் வராதும்மா, அது மருந்து கொண்டாற வண்டி" என்று விளக்கம் சொல்லிவிட்டு வருவேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிப்பேன். அதுவும் உண்மைதான். பின் சீட்டில் போன நானே அந்த வண்டியைக் கண்டு பயந்தேன். ஒரு நாள்கூட என் வீட்டு வாசலில் என்னை இறக்கிவிடச் சிஸ்டரை விட்டதில்லை. தெருமுனை ரேஷன் கடையிலேயே இறங்கிக்கொள்வேன்.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரருக்கு வயிற்று வலி வந்தது.

அவர் டூ வீலர் மெக்கானிக். ஆஸ்டின் டவுன் பக்கம் சின்னக் கடை. வலியைச் சூடு என்றார், கேஸ் என்றார், மோர் குடித்தார். உடம்பு இளைத்துப் பேன்ட் நழுவ ஆரம்பித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, கல்லீரல் வரைக்கும் பரவிவிட்டது, ஆபரேஷன் செய்தாலும் பலனில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். உள்ளே கட்டிலில் அவர் காத்துக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே உள்ளே போனேன். "குடல் புண்ணாம். மாத்திரை சாப்பிட்டா சரியாயிடுமாம்" என்றேன். "ஓ, அப்படியா" என்றார் அவர்.

மகள் கல்யாணமாகி கோலார் தங்கவயலில் இருந்தாள். அவளிடமும், யாரும் அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். எனக்கு அவருடைய சாவைவிட, அவருக்கு அது தெரிந்துவிடுமே என்பதுதான் பெரிய பயமாக இருந்தது. தெரிந்தால் ஆள் அன்றைக்கே உடைந்துவிடுவார் என்று நம்பினேன். உடைந்துவிட்டால் நான் எங்கே போவேன்?

வலி ஏறிக்கொண்டே போனது. சாயங்காலமானால் முழங்காலை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். வலிக்கு என்ன மருந்து என்று எனக்குத் தெரியும். எத்தனை வீடுகளில் நானே பக்கத்தில் நின்று, நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் மாத்திரை, கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த மாத்திரை வரவேண்டுமானால் சிஸ்டர் வரவேண்டும். சிஸ்டர் வந்தால் மொபெட் வரும். மொபெட் வாசலில் நின்றால் தெருவே அவருக்குச் சொல்லிவிடும்.

காக்ஸ் டவுனுக்குப் போய்ச் சிஸ்டரிடம் அழுதேன். "வண்டிய ரேஷன் கடைகிட்ட நிறுத்திட்டு நடந்து வாங்க சிஸ்டர். எனக்குத் தெரிஞ்ச நர்ஸுன்னு மட்டும் சொல்றேன். நோய் பேர மட்டும் சொல்லிடாதீங்க."

சிஸ்டர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "நான் பொய் சொல்ல மாட்டேன் டீச்சர். அவரு என்னை நேரா கேட்டா நேராத்தான் பேசுவேன். ஆனா நடந்து வர்றதுல பொய் ஒண்ணும் இல்ல. வர்றேன்." பிறகு மெல்லக் கேட்டார்: "அவருக்கு என்னன்னு தோணுதுன்னு நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல சிஸ்டர்."

"கேளுங்க."

நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையோடு சிஸ்டர் வந்தார். வெள்ளைப் பையைத் துணிக்கடைப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு, வெயிலில் முழங்காலைப் பிடித்தபடி, ரேஷன் கடையிலிருந்து எங்கள் வீடு வரை ஏற்றத்தில் நடந்து வந்தார். இரண்டு நாளில் என் வீட்டுக்காரர் சுவர்ப்பக்கம் திரும்புவது நின்றது. தூங்கினார், கஞ்சி கேட்டார், ரேடியோ போடச் சொன்னார். எனக்குத்தான் தூக்கம் போனது. சிஸ்டர் வரும் நாட்களில், மொபெட் சத்தம் கேட்கிறதா, யாராவது சிஸ்டரோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே வாசல்வரை வந்துவிடுவார்களோ என்று வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் அலைந்தேன். அந்த நேரம் பார்த்து ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன்.

ஒரு நாள் காலையில் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து அவர், "ஒரு சொம்பு தண்ணி எடுத்து வை. சிஸ்டர் வர்றாங்க" என்றார்.

"யாரு சொன்னாங்க?"

"வண்டி வந்துச்சே. ரேஷன் கடைகிட்ட நின்னுடுச்சு. பிளக்ல கரி புடிச்சு விட்டு விட்டு அடிக்குது. நீ ரேடியோவ எவ்ளோ சத்தமா வெச்சாலும் அது எனக்குக் கேக்கும்."

கையிலிருந்த கரண்டி கஞ்சிக்குள் விழுந்தது.

"அந்தம்மா முட்டி வலியோட மேட்டுல நடந்து வருது. பாவமா இல்லியா உனக்கு? வண்டிய இங்கயே நிறுத்தச் சொல்லு."

"தெருவுல பேசுவாங்க..."

"பேசினா பேசிக்கினு போறாங்க. அது இன்னா வண்டி, எந்த வீட்டுக்குப் போவும்னு எனக்குத் தெரியாதா? டீக்கடையில ஒரு வருசமா இதானே பேச்சு."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேனா, கேட்க நினைத்தேனா, ஞாபகமில்லை. அவர் பதில் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"ஆஸ்பத்திரில வராந்தாலேர்ந்து சிரிச்சிக்கினே வந்தியே, அப்பவே தெரியும். ஊசி குத்துறதப் பாத்தாலே அழுவ நீ. ஆஸ்பத்திரில நின்னு சிரிக்கிற ஆளா?"

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பயந்துடுவ."

கஞ்சிப் பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு அவர் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன். அவர் ரேடியோவை நிறுத்தச் சொன்னார். சிஸ்டர் உள்ளே வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். தானே ஒரு சொம்பு தண்ணீர் எடுத்துக் குடித்துவிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு அவரும் சிஸ்டரும் வெகுநேரம் பேசினார்கள். கடையை யாருக்குக் கொடுப்பது, கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது, மகளை முன்னாலேயே வரவழைக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் உடையவில்லை.

அடுத்த முறை மொபெட் ரேஷன் கடையில் நிற்கவில்லை. ஏற்றத்தில் ஏறி எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. எதிர்வீட்டு அம்மாள் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். நான் எத்தனையோ வீட்டு வாசல்களில் கேட்ட அதே கதவுச் சத்தம். அவரோ நாற்காலியை வாசலில் போடச் சொல்லி, என் தோளைப் பிடித்தபடி வந்து உட்கார்ந்தார்.

"கடை டூல்ஸ் பையக் கொண்டா. பிளக்கக் கழட்டு."

"நானா?"

"பின்ன சிஸ்டரா? மொதல்ல அந்தக் கேப்ப இழு."

"ஷாக் அடிக்குமா?"

அவர் சிரித்தார். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டரும் சிரித்தார். வண்டி நின்ற வீட்டில் என்ன சிரிப்பு என்று எதிர்வீட்டுக் கதவு மறுபடி திறந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேப்பை இழுத்தேன், ஸ்பானரைத் திருப்பினேன், பிளக்கை உப்புத்தாளால் தேய்த்தேன். கை முழுக்கக் கரி. மறுபடி மாட்டி மிதித்ததும் வண்டி விட்டு விட்டு அடிக்காமல் ஒரே சீராக ஓடியது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இப்ப சரி" என்றார்.

அதன் பிறகு வந்த வாரங்களில் மொபெட் எங்கள் வாசலிலேயே நின்றது. அது ரேஷன் கடையைத் தாண்டும்போதே அவர் கண்ணைத் திறந்து, "தண்ணி வை" என்பார். பேச்சு குறைந்த பிறகும், சாப்பாடு நின்ற பிறகும், சொம்பைக் கையால் காட்டுவார். காதுதான் கடைசிவரை இருக்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு நான் நாட்களை ஓட்டினேன்.

மகள் வந்த மறுநாள். மொபெட் ஏற்றத்தில் வருவது கேட்டது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அசைவில்லை. வண்டி வாசலில் நின்றது, இன்ஜின் அணைந்தது, சிஸ்டரின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. நான் அவர் கையைப் பிடித்ததும் மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"வண்டி வந்துச்சா?"

"வந்துச்சுங்க. வாசல்ல நிக்குது."

"சத்தமே கேக்கல" என்றார். உதட்டோரத்தில் ஒரு பெருமை. "நல்லா ஓடுது போல."

நேற்று வந்த அதே சத்தத்தோடுதான் அது இன்றும் வந்தது. வாசற்படியில் சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். பல்லிக்கும் இடிக்கும் பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, அவருக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.

"ஆமாங்க. சத்தமே இல்லாம ஓடுது."