ஆளுக்குப் பாதி

மீன் ஏலக் கூடத்தில் அவர் விலை சொல்ல ஆரம்பித்தால், ஐஸ் உடைப்பவரும் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார். இந்த வருடம்தான் அந்தக் குரல் கம்மியது. நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளை வெள்ளையாகப் படர்ந்து, எச்சில் விழுங்குவதே பெரும்பாடாகிவிட்டது.

"என்ன ஏலக்காரரே, வாயில வெண்ணெயை வச்சுக்கிட்டா விலை சொல்றீங்க?" என்றாள் கூடைக்காரி.

"உன் பேரத்துக்கு இந்தக் குரல் போதும்மா."

எச்.ஐ.வி. என்று தெரிந்தபின் வாய்ப்பூஞ்சைக்கும் சேர்த்து மாத்திரை கொடுத்தார்கள். அதே வெள்ளை மனைவியின் வாயிலும் இருந்தது. ஆஸ்பத்திரி என்றாலே அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"உங்களுக்குப் பாத்தாங்க, இருக்குன்னாங்க. எனக்குப் பாக்கலை. பாக்காத வரைக்கும் எனக்கு இல்லை. ஒரே நேரத்துல ரெண்டு பேருக்காகவும் நம்ம பொண்ணை அழச் சொல்றீங்களா?"

அவரால் அவளை அசைக்க முடியவில்லை. அன்றிலிருந்து தன் பூஞ்சை மாத்திரையைக் கத்தியால் உடைத்து ஆளுக்குப் பாதியாக்கினார். தராசில் ஏமாற்றிப் பழகாதவர். தூள்கூடச் சிந்தாமல் சரிபாதியாகத்தான் பங்கு வைத்தார். இருவருக்கும் வாயில் வெள்ளை கொஞ்சம் குறைந்தது. பிறகு முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது.

டாக்டரம்மா அவர் நாக்கை வழித்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். பூஞ்சையைத் தட்டில் வளர்த்து, மேலே மருந்து தோய்த்த வில்லைகளை வைத்திருந்தார்கள். கேட்கிற மருந்தென்றால் வில்லையைச் சுற்றிப் பூஞ்சை செத்து வெறும் வட்டம் விழும். அவர் சாப்பிட்ட மருந்தின் வில்லையைப் பூஞ்சை நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

"மாத்திரையை முழுசாத்தானே சாப்பிட்டீங்க? குறைச்சு சாப்பிட்டா அது சாகாது, மருந்துக்குப் பழகிடும்."

"முழுசாத்தாம்மா."

"அப்ப இனிமே மாத்திரை சரிப்படாது. வார்டுல படுங்க, நரம்புல ஏத்தணும்."

மறுநாள் மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து, பாட்டிலில் இருந்து மருந்து குழாய்வழியே சொட்டுச் சொட்டாக அவர் கைக்குள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதை உடைச்சுப் பாதி தர முடியாது. டாக்டரம்மா பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. கூப்பிடட்டுமா?" என்றார் மெதுவாக.

"பேசாம படுங்க."

பாட்டிலைச் சரிபார்க்க நர்ஸ் வந்தாள். "சாப்பிட்டீங்களாம்மா? முகமே வாடிக் கிடக்கு."

"இப்பதான், வயிறு முட்ட," என்றாள் மனைவி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு.

முந்தின நாளிலிருந்து தண்ணீர்கூட அவள் தொண்டையில் இறங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். "சிஸ்டர்..." என்று தலையைத் தூக்கினார். ஊசி குத்தாத கையை மனைவி இறுக்கிப் பிடித்தாள், நகம் பதிந்தது.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்லை."

நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.