உதவி செய்யாத உத்தியோகம்

குனிந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார் பயிற்சியாளர் அம்மா. மாற்றுத்திறனாளிகளுக்கான பகல்நேர மையத்தில் காலை ஒன்பதரைக்கு இதுதான் முதல் வேலை. வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தெருமுனை திரும்பியதும், அவர்கள் அவசரமாகக் கட்டிவிட்ட ஷூ கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்ப்பார். "இப்ப நீங்களே கட்டுங்க." வந்தவர்களில் இளையவருக்கு இருபத்தாறு வயது, மூத்தவருக்கு ஐம்பத்து மூன்று. ஏழு பேரும் கட்டி முடிக்கப் பத்தரை ஆகிவிடும்.

டீச்சர் என்று யாராவது அழைத்தால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். "இங்க யாரு பள்ளிக்கூடப் புள்ள? மீசை நரைச்ச மனுசன், அவரைப் போய் கண்ணுங்கறாங்க, ராஜாங்கறாங்க." மேலிடத்துக்கு அனுப்பும் படிவத்தில் 'இம்மாத முன்னேற்றம்' என்ற கட்டத்தில் ஒருமுறை, 'வீட்டாருக்குத்தான் பயிற்சி தேவை' என்று எழுதினார். படிவம் திரும்பி வந்தது. அதையே இன்னும் பெரிய எழுத்தில் எழுதி மறுபடி அனுப்பினார். வீட்டில் கணவர் தண்ணீர் கேட்டாலும், "கை இருக்குல்ல?" என்பாராம். அந்த மனிதர் கேட்பதையே நிறுத்திப் பல வருடம் ஆகிறது.

போன வியாழக்கிழமை அந்த அம்மாவுக்கே ஒரு சோதனை வந்தது. 'மேனேஜர்' என்று மையத்தில் பட்டப்பெயர் வாங்கிய நாற்பத்தொரு வயதுக்காரருக்கு ஒரு சலவை நிலையத்தில் வேலை கூடிவரும்போல் இருந்தது. யார் உதவியும் இல்லாமல் பத்துத் துண்டுகளை மடித்துக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இந்த மையத்திலிருந்து இதுவரை ஒருவர்கூட வெளியே வேலைக்குப் போனதில்லை. சலவை நிலைய மேற்பார்வையாளர் வந்து உட்கார்ந்தார். மேனேஜரின் அக்காவும் வந்திருந்தார். தம்பிக்கு இன்றுவரை சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறவர்.

"இவருக்குக் காது கேக்குமா?" மேற்பார்வையாளர் பயிற்சியாளரைப் பார்த்துத்தான் கேட்டார்.

"அவரையே கேளுங்க."

"கேக்கும்," என்றார் மேனேஜர், துண்டிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஓரத்தோடு ஓரம் சேராவிட்டால் மேனேஜர் விடமாட்டார். முழுக்கப் பிரித்து, உதறி, முதலிலிருந்து தொடங்குவார். ஆறாவது துண்டை நான்காம் தடவையாக அவர் பிரித்தபோது மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, எழுந்துவிட்டார்.

"நான் ஒரு முனைய மட்டும் புடிச்சுக்கறேனே. பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறான்."

"புடிச்சீங்கன்னா நாளைக்கு வேலைக்கும் நீங்கதான் போகணும். பேசாம உக்காருங்கம்மா."

அக்கா முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். பயிற்சியாளரும் மேசையை ஒட்டிய நாற்காலியில் அமர்ந்தார். ஒன்பது துண்டுகள் முடிந்தன. பத்தாவது, பாதி மடிப்பில், மேசை விளிம்பிலிருந்து மெல்லச் சரியத் தொடங்கியது. மேனேஜர் அதைக் கவனிக்கவில்லை, எதிர்முனையை நீவிக்கொண்டிருந்தார். கை நீட்டினால் எட்டும் தூரம்தான். பயிற்சியாளர் அம்மா தம் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.