மூக்கு செத்த இன்ஸ்பெக்டர்

சாயங்காலம் ஆனால் போதும், பக்கத்து வீட்டுக் கொல்லையில் கெசியா பாஸ்கோவின் குரல் கேட்கும்.

"அங்கயே நில்லுங்க! ஒரு அடி உள்ள வெச்சீங்க, நடக்கறதே வேற!"

அவள் விரட்டுவது சொந்தப் புருஷனைத்தான். எலைஜா பாஸ்கோ, எங்கள் டன்ஸ்டன் பேட்டையின் தொல்லை இன்ஸ்பெக்டர். மெல்போர்னில் அப்போது ஒவ்வொரு நகராட்சியும் இப்படி ஓர் ஆளை வைத்திருந்தது. பன்றிக் கொட்டில், வழியும் கக்கூஸ், செத்த நாய், தோல் ஊறும் தொட்டி, எது நாறினாலும் அவர் வந்து நோட்டீஸ் கொடுப்பார். நாற்றத்திலிருந்துதான் காய்ச்சல் பிறக்கிறது என்று டாக்டர்கள் அடித்துச் சொன்ன காலம் அது. பேட்டையே பயப்படும் அந்த ஆறடி மனிதர், கொல்லைக் கதவுக்கு வெளியே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடப் பையன் மாதிரி நிற்பார். கெசியா கோட்டைக் கழற்றச் சொல்வாள், பூட்ஸைக் கழற்றச் சொல்வாள். கோட்டுப் பைகளிலிருந்து சின்னச் சின்னப் புகையிலை டப்பாக்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். அவர் பின்னாலேயே வெறுங்காலோடு போவார்.

நான் நோரா டூலன். சலவைக்காரி. அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் பழக்கமெல்லாம் எனக்குக் கிடையாது. வேலி தாழ்வாக இருந்தால் நான் என்ன செய்ய?

பாஸ்கோ வீட்டுத் துணியும் என்னிடம்தான் வெளுப்புக்கு வரும். சட்டை, மேசை விரிப்பு, பாவாடை எல்லாம் சரி. கூடவே உள்ளங்கை அகலத்துக்கு வெட்டிய கம்பளித் துண்டுகள் ஒரு மூட்டை வரும். ஒன்றில் பன்றி வாடை, ஒன்றில் சாக்கடை வாடை, ஒன்றில் எதுவென்று சொல்லவே வாய் கூசும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏண்டி கெசியா, உன் வீட்டுக்காரர் ஊர் நாத்தத்தை எல்லாம் துணியில முடிஞ்சு எடுத்துட்டு வர்றாரா என்ன?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"வெளியில மூச்சு விடமாட்டேன்னு சத்தியம் பண்ணு நோரா."

மாதாவின் மேல் சத்தியம் செய்தேன். கெசியா மெதடிஸ்ட் சபைக்காரி, மாதாவை அவ்வளவாகச் சட்டை செய்யாதவள். அன்றைக்கு ஏற்றுக்கொண்டாள்.

"அவருக்கு மூக்கு செத்துப்போச்சுடி. ரோஜாவும் ஒண்ணுதான், பன்னிக் கொட்டிலும் ஒண்ணுதான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் அழுவதைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

எலைஜா முன்பு ஆம்புரோஸ் ஹிக்மனிடம் வண்டி ஓட்டியவர். ஹிக்மனுக்கு ஆற்றங்கரையில் எலும்பும் கொழுப்பும் காய்ச்சும் ஆலை. நகராட்சியில் கவுன்சிலர் பதவியும் இருந்தது, கொழுப்புக்குக் கேட்கவா வேண்டும். அவருடைய லாயத்தில் ஒரு குதிரை உதைத்து எலைஜாவின் மூக்கு உடைந்தது. எலும்பு கோணலாகக் கூடிக்கொண்டது, மோப்பம் மட்டும் திரும்பவே இல்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கசாப்புக் கடைகளில் எலும்பு அள்ளும் வண்டிக்காரர்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, அதுவும் போதாமல் ரம்மை ஊற்றிக்கொண்டுதான் போவார்கள். எலைஜா அந்தக் குவியலுக்கு முன்னாலேயே உட்கார்ந்து, கொளுத்தும் வெயிலில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிடுவார். ஹிக்மன் ஆலை வாசலில் நின்று அதை ரசித்துப் பார்ப்பார்.

பழைய இன்ஸ்பெக்டர் வேலையை விட்டதும், படித்தவர்கள் எத்தனையோ பேர் வரிசையில் நிற்க, ஹிக்மனே முன்னின்று எலைஜாவுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார். ஒழுக்கமானவன், குடிக்காதவன், ஞாயிறு தவறாமல் ஜெபக்கூடம் போகிறவன் என்று சபையில் எழுந்து பேசினாராம். எலைஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. தன் நல்ல நடத்தையைப் பார்த்து நாலு பெரிய மனிதர்கள் கொடுத்த வேலை என்று எல்லோரிடமும் சொல்வார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் யோசித்திருக்கிறார். நாற்றம் பிடிக்கும் வேலைக்கு மூக்கில்லாமல் எப்படிப் போவது?

வழி கண்டுபிடித்தவள் கெசியா. போகிற இடத்துக்கெல்லாம் ஒரு கம்பளித் துண்டைக் கொண்டுபோய், அங்கே விரித்து வைத்து, அப்படியே டப்பாவில் அடைத்துக்கொண்டு வர வேண்டும். மூடியில் இடத்தின் பெயரைக் கீறிவிட வேண்டும். சாயங்காலம் அவள் ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்வாள். மறுநாள் அவர் போய் நோட்டீஸ் கொடுப்பார்.

"தெரிஞ்சா அன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடுவாங்க நோரா. இது நகராட்சி வீடு, இதுவும் போயிடும். மறுபடி அந்த எலும்பு வண்டிதான்."

அவள் கவலை அவளுக்கு. பேட்டைக்கோ வேறு கவலை. பாஸ்கோவை ஏமாற்ற யாராலும் முடியவில்லை. முன்பிருந்த இன்ஸ்பெக்டர் வந்தால் வாசலில் வினிகரைத் தெளிப்போம், அடுப்பில் சர்க்கரையைக் கருக்குவோம், வந்தவர் தும்மிக்கொண்டே போய்விடுவார். பாஸ்கோவிடம் அந்த ஜம்பம் பலிக்கவில்லை. சர்க்கரைப் புகைக்கு நடுவில் நின்று, முகம் சுளிக்காமல் சாக்கடை ஓரத்தில் துணியை விரிப்பார். சாயங்காலம் கெசியாவிடம் துணி உண்மையைச் சொல்லிவிடும்.

"மனுஷனா அவன், வேட்டை நாய்!" என்று பன்றி வளர்க்கிறவர்கள் வைதார்கள். எனக்கும் ஒருநாள் நோட்டீஸ் வந்தது. என் சலவைத் தண்ணீர் சந்தில் தேங்குகிறதாம். அவர் ரகசியத்தை நெஞ்சில் பூட்டி வைத்திருக்கும் எனக்கே நோட்டீஸ்! வேலியோரம் நின்று கெசியாவைப் பிடித்து உலுக்கினேன். "ரகசியம் வேற, சாக்கடை வேற" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள், கல்நெஞ்சக்காரி.

அந்த ஜனவரியில், எங்கள் ஊர் நடுக்கோடையில், வடக்கிலிருந்து அனல் காற்று நிற்காமல் அடித்தது. ஹிக்மன் ஆலையில் எலும்பைக் குவித்துப் போட்டு, அழுகவிட்டு, பிறகு நிதானமாகக் காய்ச்சினார்கள். ஆற்றங்கரைச் சந்துகளில் யாராலும் சோறு தின்ன முடியவில்லை. கைக்குழந்தைகளுக்குக் குடித்த பால் தங்கவில்லை. பெண்கள் திரண்டு போய் இன்ஸ்பெக்டர் முன்னால் நின்றார்கள். எலைஜா தவித்துப் போனார். வேலை வாங்கிக் கொடுத்த புண்ணியவான் மேல் எப்படிச் சம்மன் அனுப்புவது? ஆனாலும் டப்பாவை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கு நான் வேலியோரம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கெசியா டப்பாவைத் திறந்தாள். திறந்த வேகத்தில் அதை முற்றத்தில் வீசிவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு குமட்டினாள்.

"என்ன நாத்தம் கெசியா?" என்றார் அவர். தினமும் கேட்கிற அதே கேள்விதான்.

"இதுக்குப் பேர் நாத்தம் இல்லீங்க. அக்கிரமம்."

சம்மன் போயிற்று. அடுத்த நாளே ஹிக்மன் தங்கச் சங்கிலி ஆட வந்து இறங்கினார். கதவைக்கூடத் தட்டவில்லை.

"எலைஜா, என்னடா இது? உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"எதுங்கய்யா?"

ஹிக்மன் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். பிறகு, "நன்றி கெட்டவனே, கோர்ட்டுல பாத்துக்கறேன்" என்று கத்திவிட்டுப் போனார். எலைஜாவுக்கு நன்றி கெட்டவன் என்பதுதான் காதில் ஏறியது. எனக்கு அந்த முதல் கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது.

கோர்ட்டில் நிற்க இடமில்லை. சலவையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நானும் கெசியாவும் முன்வரிசையைப் பிடித்துவிட்டோம். எலைஜா பைபிளின் மேல் கை வைத்துப் பிரமாணம் செய்தார். ஹிக்மனின் வக்கீல் தேன் ஒழுகப் பேசினான்.

"அந்த நாத்தம் எப்படி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க மிஸ்டர் பாஸ்கோ."

"அழுகின கொழுப்பு. தீய்ஞ்ச மயிர். அதுக்கு மேல ஒரு புளிச்ச வாடை." எல்லாம் கெசியா சொல்லிக் கொடுத்தது.

"அருமை! மூக்குன்னா இதுல்ல மூக்கு." வக்கீல் காகிதம் சுற்றிய இரண்டு குப்பிகளை மேசையில் வைத்தான். "ஒண்ணுல பன்னீர். ஒண்ணுல ஆலைக் கழிவு. எது எதுன்னு மட்டும் சொல்லிடுங்க, போதும்."

வக்கீல் இடப்பக்கக் குப்பியின் தக்கையை எடுத்தான். முன்வரிசை முழுவதும் முகத்தைச் சுளித்தது. நான் எல்லோருக்கும் தெரியும்படி மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் அந்தக் குப்பியைக் காட்டினேன். எலைஜா என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் வேலை தங்கும், வீடு தங்கும். அந்த மனிதரோ குனிந்து பைபிளைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதுங்க. குதிரை உதைச்சதிலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது."

கோர்ட்டே கூரை பறக்கச் சிரித்தது. கெசியா என் கையை நசுக்கியே விட்டாள்.

"மூக்கில்லாத இன்ஸ்பெக்டர்!" என்று வக்கீல் துள்ளினான். "கனம் மாஜிஸ்திரேட் அவர்களே, இந்த வழக்கைத் தூக்கிக் குப்பையில போடலாம்."

மாஜிஸ்திரேட் கிழவர் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"போடலாம், போடலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணு. குப்பியெல்லாம் தயாரா கொண்டு வந்திருக்கீங்களே, இவருக்கு மோப்பம் கிடையாதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

வக்கீல் ஹிக்மனைத் திரும்பிப் பார்த்துவிட்டான். அந்த ஒரு பார்வை போதுமாயிருந்தது.

"மிஸ்டர் ஹிக்மன், உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"என் வண்டியை ஓட்டினப்பவே," என்றார் ஹிக்மன், இன்னும் சிரிப்பு மாறாமல். "அந்த எலும்பு மேல உக்காந்து சோறு தின்னவனாச்சே!"

"ஓகோ. தெரிஞ்சேதான் இவரைத் தொல்லை இன்ஸ்பெக்டரா சிபாரிசு பண்ணீங்களா?"

சிரிப்பு நின்றது. ஹிக்மனின் கழுத்து நிறம் மாறியது. நான் எலைஜாவைப் பார்த்தேன். இத்தனை பேர் சிரித்தபோதுகூட நிமிர்ந்து நின்ற மனிதர், இப்போது கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

கெசியா எழுந்தாள். யாரும் கூப்பிடவில்லை. "அய்யா, மோந்து பாத்தது நான்தான். ஒவ்வொரு டப்பாவும் நான்தான்" என்று, அன்றைக்கு வீசிய பிறகு இறுக மூடி எடுத்து வைத்திருந்த ஆலை டப்பாவைப் பையிலிருந்து எடுத்து நேராக மாஜிஸ்திரேட் முன்னால் வைத்தாள். அவர் மூடியைத் திறந்து ஒரே ஒரு முறை மூச்சை இழுத்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"ஜன்னலைத் திறங்கய்யா!" என்று அலறினார்.

திறந்தார்கள். வடக்குக் காற்று ஹிக்மன் ஆலையை அப்படியே அள்ளி உள்ளே கொட்டியது.

"மூடுங்க, மூடுங்க! அபராதம். சுத்தம் பண்ற வரைக்கும் காய்ச்சக் கூடாது. அவ்வளவுதான், எல்லாரும் கிளம்புங்க!"

நகராட்சியால் எலைஜாவை நீக்க முடியவில்லை. மூக்கில்லை என்று நீக்கினால், ஏன் தெரிந்தே வைத்தீர்கள் என்று பத்திரிகைக்காரர்கள் கேட்பார்கள். ஹிக்மன் அடுத்த தேர்தலுக்கு நிற்கவில்லை. வேலை தங்கிவிட்டது, வீடும் தங்கிவிட்டது. ஆனால் அந்த வாரம் முழுவதும் எலைஜா கொல்லையில் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தபடியே இருந்தார். நான் துணி உலர்த்தும்போது தானாகவே பேசினார்.

"நல்லவன்னுதான் என்னை எடுத்தாங்கன்னு நெனச்சேன் நோரா. ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க நல்லவர்தான்யா. அது தெரியாம எடுத்தாங்க பாருங்க, அதுதான் அவனுங்க பண்ண தப்பு."

அடுத்த திங்கட்கிழமை எலைஜா சீருடைக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். டப்பாக்களும் இல்லை, ஒளிவு மறைவும் இல்லை. தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு கெசியா அவர் கையைப் பிடித்தபடி பட்டப்பகலில் கூடவே போனாள். பன்றிக்காரர்கள், "அம்மாவைக் கூட்டிட்டு வந்துட்டார்டா!" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

இருவரும் முதலில் வந்து நின்றது எங்கே என்கிறீர்கள்? என் கொல்லையில்.

"நோரா," என்றாள் என் உயிர்த்தோழி, மூக்கைத் தூக்கிக்கொண்டு, "சலவைத் தண்ணி மறுபடியும் தேங்குது."

"போடி! கோர்ட்டுல உங்களுக்காக மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தவ நான்!"

"அதுக்கு நன்றி. இது சாக்கடை."

எலைஜா நோட்டீஸை எழுதிக் கிழித்து, மரியாதையாக என் கையில் கொடுத்தார். கிளம்பப் போனவர் நின்று, மனைவி பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் இப்படிக் கேட்டு நான் கேட்டதில்லை.

"வேற என்ன வாசனை கெசியா?"

கெசியா கண்ணை மூடிக்கொண்டாள். "சோப்பு. வெயில்ல காயற துணி. அப்புறம், அடுப்புல எலுமிச்சங் கேக். அடிப்பக்கம் லேசாப் பிடிக்குது நோரா, ஓடு!"

நான் ஓடினேன். கேக்கைக் காப்பாற்றிக்கொண்டு வந்து, நோட்டீஸைத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் வெட்டிக் கொடுத்தேன். எலைஜாவுக்கு அதில் ஒரு ருசியும் தெரிந்திருக்காது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு மென்று தின்றார், இன்னொரு துண்டும் கேட்டார்.