ஆலீஸ் சொன்ன ‘வாங்க’

இது கட்டுக்கதை இல்லை. சந்தேகம் உள்ளவர்கள் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பெல் வந்து, ஆலீஸ் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே காய்கறிக் கடை வைத்திருக்கும் வரதராசாவைக் கேட்கலாம். பேய் என்றாலே சிரிக்கிற மனிதர் அவர். இப்போதெல்லாம் அந்தக் கட்டட வாசலுக்கு முதுகைக் காட்டி நிற்பதில்லை.

ஆலீஸின் குடும்பம் புதுச்சேரிக் குடும்பம். கணவர் பெர்னார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கி அவருக்கு மூக்குக்கண்ணாடி மாதிரி, கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆப்பிரிக்காவில் ஒரு காட்டெருமையாவது சுட்டுவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. போன ஆகஸ்டில் மனைவியையும் மகள் ஆரெலியையும் கூட்டிக்கொண்டு ஜிம்பாப்வேக்கு வேட்டைக்குப் போனார். லூர்து மாதா கோயிலுக்குப் போகலாம் என்று ஆலீஸ் சொன்னதை யார் காதில் வாங்கினார்கள்?

வேட்டையை நடத்தியவர் ழான்-லூக் என்ற பிரெஞ்சுக்காரர். விலங்கின் தடம் பார்த்து முன்னால் நடப்பவர் தென்டாய், அந்த ஊர்க்காரர். காலையில் கிளம்பும்போது கையை ஆட்டி ‘ஐ கோ’ என்பார். ஆலீஸுக்குப் பொறுக்கவில்லை. காட்டுக்குள் போகிற மனிதர் ‘போறேன்’ என்று சொல்லிவிட்டா கிளம்புவது? ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கற்றுக்கொடுத்தாள். அவரும் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்.

தினமும் காலையில், “போயிட்டு வரேன், மதாம்.”

“வாங்க” என்பாள் ஆலீஸ்.

ஆரெலி விழுந்து விழுந்து சிரிப்பாள். பாரிஸில் பிறந்தவள். தமிழ் புரியும், ஆனால் வாயில் ஒரு சொல் வராது. அம்மாவிடம்கூட பிரெஞ்சுதான்.

கடைசி நாள் மாலை. பெர்னார் வற்புறுத்தியதால் ஆரெலி சுட்டாள். குண்டு எருமையின் வயிற்றில் பட்டது. அது புதருக்குள் பாய்ந்து மறைந்தது. காயம்பட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது. இருட்டுவதற்குள் ரத்தத் தடத்தைப் பார்த்து வைப்பதாகச் சொல்லி, தென்டாய் ஜீப்பிலிருந்து இறங்கினார். திரும்பிப் பார்த்தார்.

“போயிட்டு வரேன், மதாம்.”

ஆலீஸ் அழுகிற மகளைக் கட்டிப் பிடித்திருந்தாள். பதில் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு புதருக்குள் நுழைந்தார். தென்டாய் நடந்தே முகாமுக்கு வந்துவிடுவார் என்று ழான்-லூக் வண்டியைக் கிளப்பிவிட்டார். விடிந்தால் விமானம்.

பாரிஸுக்கு வந்த பிறகு ஆரெலி படுக்கையை விட்டு எழவில்லை. வேலைக்குப் போகவில்லை. கேட்பது ஒரே கேள்வி, அதுவும் பிரெஞ்சில். அவர் திரும்பி வந்துவிட்டாரா?

“வந்துட்டாரும்மா. எத்தினி வாட்டி சொல்றது?” என்பார் பெர்னார்.

ஆலீஸுக்கும் மனம் மரத்துவிட்டது. சமைத்தாள். பாத்திரம் கழுவினாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனாள். அழுகைகூட வரவில்லை. மகள் எழுந்து நடந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்று மட்டும் மாதாவிடம் கேட்டாள்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை. பகல் மூன்று மணி இருக்கும். தெருவில் சாமான் வாங்குகிறவர்களின் இரைச்சல். பெர்னார் வெளியே போயிருந்தார். கீழ்வாசல் இன்டர்ஃபோன் கிர்ர்… என்றது. எடுத்தாள். காற்றுச் சத்தம். காய்ந்த புல் உரசுகிற மாதிரி.

“போயிட்டு வரேன், மதாம்.”

பழக்க தோஷம். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“வாங்க.”

விரலும் தானாகக் கதவுப் பொத்தானை அழுத்தியது. அப்புறம்தான் உறைத்தது. தென்டாய்! மனிதர் பாரிஸுக்கே வந்துவிட்டாரா? ஓடிப்போய் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

மரப்படியில் காலடி. ஒரு கால் ஊன்றி… ஒரு கால் இழுபட்டு…

டக்… சர்ர்…

டக்… சர்ர்…

படியில் யாரும் இல்லை.

சத்தம் நிற்கவும் இல்லை. அவளைக் கடந்து வீட்டுக்குள் போனது. நடைக்கூடத்து மரத்தரை முனகியது. ஆரெலியின் அறையில் கட்டில் ஒரு முறை கிரீச்சிட்டது.

ஆலீஸுக்குப் பயம்கூட வரவில்லை. போய் எட்டிப் பார்த்தாள். மகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வந்தவர் பாதிப் படியிலேயே திரும்பி இறங்கிவிட்டாரோ என்று கீழே போனாள். வரதராசா கடை வாசலில் நின்றார்.

“அண்ணே, இங்க யாராச்சும் வந்தாங்களா?”

“ஓம் அக்கா. ஒரு ஆபிரிக்க ஆள். இந்தக் குளிருக்கை அரைக் காற்சட்டையோட நிண்டவர். உடம்பெல்லாம் புழுதி.”

“ஏதாச்சும் சொன்னாரா?”

“‘போயிட்டு வரேன்’ எண்டார். உங்கட பொண்டிச்சேரித் தமிழ். இப்பத்தானே வந்தனீர், அதுக்குள்ளை எங்கை போறீர் எண்டு கேட்டன். உங்கட யன்னலையே பாத்துக்கொண்டு நிண்டவர்.”

மேலே வந்தால், ஆரெலி சமையலறையில் நிற்கிறாள்! பசிக்கிறது என்றாள், பிரெஞ்சில். சோறு போடப் போடச் சாப்பிட்டாள். தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தாள். ஆலீஸுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. மகள் எழுந்துவிட்டாள். வலது காலை இழுத்து இழுத்து நடந்தாள். இத்தனை நாள் படுத்தே கிடந்தால் கால் மரத்துப்போகாதா?

படுக்கை விரிப்பை உதறினாள். காய்ந்த புல்முள் உதிர்ந்தது.

பெர்னார் திரும்பி வந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆலீஸ் முந்திக்கொண்டு சொன்னாள்.

“தென்டாய் வந்திருந்தாருங்க.”

பெர்னார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

“ழான்-லூக் இப்பதான் போன் பண்ணாரு… அவரு அன்னிக்கு திரும்பவே இல்ல, ஆலீஸ். புள்ளைக்காக பொய் சொன்னேன்.”

“இப்ப?”

“இன்னிக்குக் காலையிலதான் எலும்பு கெடச்சிது. பள்ளத்துல, புல்லுக்குள்ள. வலது கால் முறிஞ்சிருக்கு. தவழ்ந்தே வந்திருக்காரு… நம்ம ஜீப்பு நின்ன பக்கமா.”

ஆலீஸ் சமையலறையைப் பார்த்தாள்.

ஆரெலி இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஆரெலி வேலைக்குக் கிளம்பினாள். கோட்டு மாட்டினாள். கதவைத் திறந்தாள். திரும்பிப் பார்த்தாள்.

“போயிட்டு வரேன், மதாம்.”

பெற்ற தாயைப் பார்த்து, மதாம்.

“சரிம்மா… போயிட்டு வா” என்றாள் ஆலீஸ்.

ஆரெலி நகரவில்லை.

“வாடி, கண்ணு.”

நகரவில்லை. கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆலீஸ் ஒரு அடி பின்னால் வைத்தாள்.

“…வாங்க.”

ஆரெலி சிரித்தாள். படியிறங்கிப் போனாள்.

டக்… சர்ர்…

இன்றுவரை தினமும் அப்படித்தான். ஆலீஸ் மகளை ‘வா’ என்று கூப்பிட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டாள்.